கை பட்ட இடம்

பிஸ்கட்டை அக்கா கடிப்பதில்லை. இரண்டாக உடைக்கிறார், உடைந்த விளிம்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார், அதற்கப்புறம்தான் டீயில் முக்குகிறார். என்ன தெரிந்தது என்று கேட்டால், "நல்லாத்தான் வெந்திருக்கு. மாவைச் சரியாப் பிசையலை" என்பார். தின்கிற பண்டத்துக்கே இந்த மரியாதை என்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம். தொழிற்சாலையில் யாரும் அவர் கையில் ஸ்கேலோ சீப்போ கொடுப்பதில்லை. கொடுத்தால் வளைத்துப் பார்ப்பார். வளைந்துகொடுத்தால் இன்னும் கொஞ்சம் வளைப்பார். அவருடைய வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் மேசைமேல் வைக்க மாட்டார். சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானும் போட்டுவிடுவார். "கல்யாணம் ஆன புதுசுல இவ என்னை ஆசையாப் பாக்குறான்னு நெனச்சேன். எந்த எடத்துல ஒடைவேன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

முதலாளியிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் அவர் அக்கா. முதுகுக்குப் பின்னால் உடைப்பக்கா. இது அவருக்கும் தெரியும். "பேரு பொருத்தமாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

சணல் நாரையும் ரெசினையும் சேர்த்து அச்சில் அழுத்திச் சாமான் செய்கிற சின்னத் தொழிற்சாலை அது. ரெசின் என்றால் தேன் பதத்தில் இருக்கும் ஒரு ரசாயனப் பசை. சூடு காட்டினால் கல்லாக இறுகிவிடும். முன்பு கதவுப் பலகை செய்தார்கள். இப்போது குளியலறை ஸ்டூல், நடக்க முடியாத வயதானவர்கள் உட்கார்ந்து குளிப்பதற்கு. இரும்பு துருப்பிடிக்கும், மரம் ஊறிப் போகும், வெறும் பிளாஸ்டிக் நாள்பட்டால் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். நாரும் ரெசினும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டால் யானையே உட்காரலாம் என்று முதலாளி பெருமை அடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டால் என்பதில்தான் இருக்கிறது சங்கதி.

"நாருக்குத் தண்ணின்னா உசுரு. ரெசினுக்குத் தண்ணியே ஆகாது. இந்த ரெண்டையும் ஒரே வீட்டுல குடி வைக்கணும், அதான் நம்ம பொழப்பு" என்று அக்கா புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்வார். நாரின்மேல் செடி தனக்காகப் பூசிக்கொண்ட மெழுகு ஒட்டியிருக்கும். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு அதைக் கழற்ற வேண்டும். பிறகு காரம் போகிறவரை அலசி, சூட்டறையில் சொட்டு ஈரம் இல்லாமல் காயவைக்க வேண்டும். சோடா கூடினால் நாரே நைந்து போகும், குறைந்தால் மெழுகு போகாது. பக்குவமாகச் செய்தால் வழவழப்பாக இருந்த நார் சொரசொரப்பாகிவிடும். ரெசின் நன்றாகக் கவ்விக்கொள்ளும்.

கவ்விக்கொண்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அக்காவின் ராஜ்ஜியம் ஆரம்பம். அச்சிலிருந்து வருகிற ஸ்டூல்களில் தினம் ஒன்றை எடுத்துப்போய் அழுத்து இயந்திரத்தில் வைத்து உடைப்பார். எதை எடுப்பார் என்று அவருக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு போய் ஒன்றைத் தொடுவார். உடைந்த பிறகு பூதக்கண்ணாடியோடு விளிம்பில் போய்க் குந்திக்கொள்வார். நல்ல ஒட்டு என்றால் நாரும் ரெசினோடு சேர்ந்தே அறுந்திருக்கும்; விளிம்பு, சவரம் பண்ணி மறுநாள் ஆன தாடை மாதிரி முள்முள்ளாக இருக்கும். மோசமான ஒட்டு என்றால் நார் அறுந்திருக்காது, உருவிக்கொண்டு வந்திருக்கும். ஒரு பக்கம் நீளநீளமாக நார் தொங்கும். மறுபக்கம், பல் பிடுங்கிய ஈறு மாதிரி ரெசினில் குழிகுழியாக இருக்கும்.

"உடையுறது தப்பே இல்ல. எல்லாம் ஒரு நாள் உடையத்தான் போவுது. எப்படி உடைஞ்சுதுங்கிறதுதான் பேச்சு" என்பார். ஒருமுறை வாங்க வந்தவர் ஒருவர் உடையாத ஸ்டூல் ஒன்றைத் தட்டிக்காட்டி, "இது நல்லா இருக்குமாம்மா?" என்று கேட்டார். விற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு அக்கா சொன்ன பதில்: "உடைக்காத ஸ்டூலை நல்லதுன்னு நான் எப்படிங்க சொல்றது? நம்பலாம். சொல்ல முடியாது." முதலாளி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அக்காவின் அப்பா லாரி ஓட்டி ஓய்ந்தவர். பாரியான உடம்பு, அதைவிடப் பாரியான வைராக்கியம். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பில் பிளேட் வைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, மருமகன் தோளைப் பிடித்துக்கொள்ள, மகள் திறந்த கதவுக்கு வெளியே திரும்பி நிற்க, அவர் குளியல் நடந்தது. நாடெல்லாம் சுற்றிய மனுஷர், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள இரண்டு ஆள் வேண்டியிருந்ததில் நொந்துபோனார். வாய் ஓயாதவர் வாயையே மூடிக்கொண்டார். அக்காவுக்கு அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் அப்பாவுக்கென்று ஒரு ஸ்டூல் செய்தார். வழக்கமாக வருகிறதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்; மனசு ஒப்பவில்லை. வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பியபின் தானே நாரை விரித்தார். ஒவ்வொரு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி, தடவி, கால் வந்து சேருகிற இடத்தில் ஒரு அடுக்குக் கூடவே வைத்து, மறுபடியும் தடவி, குழந்தைக்குப் படுக்கை விரிக்கிற மாதிரி விரித்தார். ஸ்டூல் வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதை உள்ளே போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கர்ணகடூரமாக ஒரு பாட்டும் கேட்டது. அக்கா அடுப்படியில் நின்று அழுதார். வெங்காயம் நறுக்காமலே அழுததை வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரிப் போய்விட்டார்.

ஆனால் மறுநாளே அக்காவுக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. உடைத்துப் பார்க்காத ஒரு ஸ்டூல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே.

"அப்பா, அந்த ஸ்டூலை ஒரு நாளைக்குக் குடுங்க. பாத்துட்டுக் கொண்டாந்துடுறேன்."

"நீ பாக்குறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் பாப்பா. சின்ன வயசுல உனக்கு வாங்கிக் குடுத்த பொம்மையில ஒண்ணாவது தலையோட இருந்துச்சா?"

இந்தப் பேச்சு நாள் தவறாமல் நடந்தது. அப்பா ஸ்டூலைக் குளியலறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். போதாததற்கு அதன்மேல் தன் துண்டை வேறு விரித்து வைத்தார், பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், தொழிற்சாலையில் உடைத்த ஸ்டூலின் விளிம்பு அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு பக்கம் முள்முள்ளாக நன்றாக இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு திட்டில் நார் முழுக்க உருவிக்கொண்டு வந்திருக்கிறது. நேராக ரெசின் அண்ணனிடம் போனார். ரெசின் கலக்குகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அக்காவைவிட மூத்தவர், ரோஷக்காரர். ஒட்டு சரியில்லை என்றால் நார்ப் பக்கத்து ஆட்கள் ரெசினைத் திட்டுவதும், ரெசின் பக்கத்து ஆட்கள் நாரைத் திட்டுவதும் அங்கே பரம்பரைப் பகை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

"என்னண்ணே கலந்தீங்க? நாரு சீவி முடிச்ச தலை மாதிரி வழவழன்னு வெளிய வருது."

"எப்பவும் கலக்குறதைத்தான் கலந்தேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போய் உங்க நாரைப் பாருங்க."

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனாலும் பார்த்தார். சோடாவின் அளவு சரி. சூட்டறை சரி. மறுநாளும் உடைத்ததில் ஒரு திட்டு. அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை. அடுத்த நாள் மறுபடியும். நார் முழுக்கக் கெட்டிருந்தால் எல்லா இடத்திலும் அல்லவா உருவ வேண்டும்? கடைசியில், அச்சில் வைப்பதற்காக விரித்துத் தயாராக வைத்திருந்த நார் விரிப்பின்மேல், துணிக்கு இஸ்திரி போடுகிறபோது தெளிக்கிற மாதிரி தண்ணீர் தெளித்துப் பார்த்தார். பட்ட இடத்திலெல்லாம் நார் தண்ணீரைக் குடித்துவிட்டது. சில இடங்களில் மட்டும் குடிக்காமல் முத்துமுத்தாக மேலேயே நின்றது. கழுவும் பிரிவில் மூத்தவரான சின்னம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது கை மாதிரியில்ல இருக்கு."

கைதான். உள்ளங்கையும் ஐந்து விரலும், கட்டைவிரல் கொஞ்சம் விலகி. சின்னம்மா தன் கையை அதன்மேல் பிடித்துக் காட்டினார், அச்சாகப் பொருந்தியது.

அக்காவின் பார்வை மெதுவாக நார் ஊறுகிற தொட்டியோரத்துக்குப் போனது. அங்கே ஒரு பெரிய பாட்டிலில் கை கிரீம் இருந்தது. வாங்கி வைத்தவர் அக்காவேதான். சோடாத் தண்ணீரில் வேலை செய்கிற பெண்களுக்கு உறை போட்டாலும் கை வெடித்துவிடும். "என் கையால தேய்ச்சா பலகைக்கு உப்புத்தாளே வேணாம்க்கா" என்று சின்னம்மா ஒரு நாள் கையை விரித்துக் காட்டியபோது அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளதிலேயே நல்ல கிரீமாகப் பார்த்து வாங்கிவந்து, வெட்கப்படாமல் எல்லோரும் பூசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தானே முதலில் பூசிக் காட்டினார். நாரைக் கழுவுகிற பெண்களேதான் அதை விரிப்பதும்; விரிக்கிறபோது யாரும் உறை போடுவதில்லை, உறை போட்டால் தடிமன் கைக்குத் தெரியாது என்று.

பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். சிலிக்கோன். ஸ்டூல் அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் அச்சுக்குள் அவர்கள் தடவுகிற திரவத்திலும் அதுதான் இருக்கிறது. "எது இருந்தா ஒட்டவே ஒட்டாதோ, அதைத் தேடிப் பிடிச்சு வாங்கி எல்லார் கையிலயும் பூசி விட்டிருக்கேன்" என்றார் அக்கா. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கை படாத பக்கம் உடைந்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். கை பட்ட பக்கம் உடைந்தால்தான் குட்டு வெளிப்படும். இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டதில் அதிர்ஷ்டம் போக்குக் காட்டியிருக்கிறது.

முதலாளியிடம் போய், கிரீம் வந்த நாளிலிருந்து வெளியே போனதை எல்லாம் திருப்பி எடுக்கச் சொன்னார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு தொலைபேசியை எடுத்தார். எல்லாம் ஒரே முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தது. நல்லவேளை, அங்கே யாரும் விழுந்திருக்கவில்லை. முனகிக்கொண்டே திருப்பி அனுப்பச் சம்மதித்தார்கள்.

சின்னம்மாதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, அப்பாவுக்குச் செஞ்சீங்களே, அது எப்போ?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பாவின் ஸ்டூலைச் செய்தது கிரீம் வந்த பிறகுதான். பாட்டிலைப் படித்த நிமிஷத்திலிருந்தே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். மற்ற ஸ்டூல்களில் ஒரு திட்டு, இரண்டு திட்டு. அப்பாவின் ஸ்டூலில்? மூலை மூலையாகத் தடவியது யார்? கால் சேருகிற இடத்தில் அடுக்கு வைத்து அடுக்கு வைத்து அழுத்தியது யார்? ஆசை அதிகமான இடத்திலெல்லாம் கையும் அதிகமாகப் பட்டிருக்கிறது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் நின்றுகொண்டேதான் வந்தார்.

அப்பா சாயங்காலம்தான் குளிப்பார். அக்கா செருப்போடு வீட்டுக்குள் ஓடியபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாட்டு.

"அப்பா, எந்திரிங்க. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க."

"குளிக்கிற எடத்துக்கும் வந்துட்டியா பாப்பா? தர மாட்டேன். போ."

"உடைச்சுப் பாக்குறதுக்கு இல்லப்பா." அக்கா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நான் தப்பாச் செஞ்சிட்டேன். அதைச் செய்யும்போது என் கையில கிரீம் இருந்துச்சு. அது பட்ட எடத்துல ரெசின் பிடிக்காது. அதுல என் கை படாத எடமே இல்ல. பயமா இருக்குப்பா. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எந்திரிங்க."

பாட்டு நின்றது. தண்ணீர் விழுகிற சத்தமும் நின்றது. உள்ளே அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்திருப்பது கேட்டது. தாழ்ப்பாளை நீக்கினார். இடுப்பில் துண்டோடு, தலையில் பாதி நுரையோடு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெசமாவா?"

"நெசந்தான்."

"நீ தப்புன்னு ஒத்துக்கிட்டு நான் கேட்டதே இல்லையே" என்றார் அப்பா. துண்டு விரித்து இடம் பிடித்து வைத்திருந்த ஸ்டூலைக் காலால் மகள் பக்கம் தள்ளிவிட்டார்.

மறுநாள் அதை அக்காவே இயந்திரத்தில் வைத்தார். நல்ல ஸ்டூல் உடைகிறபோது படீரென்று சத்தம் வரும்; எதிர்த்து நின்று உடைவது காதுக்கே தெரியும். இது நமுத்துப்போன பிஸ்கட் மாதிரிச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. கால் சேருகிற இடத்தில் நார் அத்தனையும் ஒன்றுகூட அறுபடாமல் உருவிக்கொண்டு வந்தது. இயந்திரத்தில் எடை காட்டுகிற முள் நின்ற இடத்தை ஒருமுறை பார்த்தார். அப்பாவின் எடையைத் தாண்டி அது அதிக தூரம் போகவில்லை. அந்த அளவை இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

ரெசின் அண்ணன் டீயோடு வந்தார். அக்காவுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, உடைந்த விளிம்பைக் குனிந்து பார்த்தார். பழி வாங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"ரெசின்ல ஒண்ணும் குறையில்லையே?" என்று மட்டும் கேட்டார்.

"ரெசின் சரியாத்தாண்ணே இருந்துச்சு."

"அது போதும். டீயைக் குடிங்க, ஆறுது."

கிரீம் பாட்டில் வாசலைத் தாண்டி, செருப்புக் கழற்றுகிற இடத்துக்குப் போயிற்று. வீட்டுக்குப் போகிறபோது பூசிக்கொள்ளலாம், உள்ளே வரும்போது சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாரை விரிக்க மெல்லிய உறைகள் வந்தன. தடிமன் தெரியவில்லை என்று சின்னம்மா முதலில் அலுத்துக்கொண்டார், அப்புறம் பழகிவிட்டது. விரிப்பின் ஓரத்தில் தண்ணீர் தெளித்துப் பார்க்காமல் இப்போது எதுவும் அச்சுக்குள் போவதில்லை. அக்காவோ வீட்டில்கூடக் கிரீம் பூசுவதை விட்டுவிட்டார். அதற்கு அவசியமே இல்லை என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். "இருக்கட்டும்" என்றுவிட்டார்.

வீட்டில் பழையபடி மருமகன் தோளைப் பிடித்துக்கொள்ள, கதவு திறந்தே இருக்க, அப்பாவின் குளியல் நடந்தது. பாட்டு இல்லை. அக்கா வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தண்ணீர் விழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

புது ஸ்டூலைச் சின்னம்மாவும் மற்றப் பெண்களும் செய்தார்கள். அக்கா தொடவில்லை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று பார்த்தார். ஒரே நாரில், ஒரே ரெசினில், ஜோடியாக இரண்டு வந்தன. அதில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, எடுத்துப்போய் உடைத்தார். படீரென்று சத்தம் வந்தது. விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் முள்முள்ளாக இருந்தது. அதன் ஜோடியைத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அப்பா குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்டூலை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடைச்சுப் பாத்தியா?"

"இதோட ஜோடியை உடைச்சேன். நல்லா இருந்துச்சு. இதை உடைச்சுட்டா நீங்க எதுலப்பா உக்காருவீங்க?"

"அப்போ இது நல்லதுன்னு எப்படிச் சொல்றே?"

அக்கா ஸ்டூலை அவர் காலடியில் வைத்தார். "சொல்ல முடியாதுப்பா" என்றார். "நம்பலாம்."

அப்பா தன் கையை நீட்டினார். "கையைக் காட்டு."

அக்கா இரண்டு கையையும் நீட்டினார். பள்ளிக்கூடம் போகிற காலத்தில், சாப்பிட உட்காருமுன் கழுவினாளா என்று பார்ப்பாரே, அதே மாதிரி அப்பா கைகளைத் திருப்பிப் பார்த்தார். வறண்டு, ரேகை ரேகையாக வெளுத்து, விரல் மடிகிற இடமெல்லாம் வெடித்திருந்தது. ஒரு வெடிப்பின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, ஸ்டூலைக் காலால் உள்ளே தள்ளி, சுவரைப் பிடித்துக்கொண்டு தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.